கீழேயிருந்து வந்த சொல்

கைக்கொக்கியை வாசல் ஆணியில் மாட்டாதவன் உள்ளே வரக்கூடாது என்று சங்கத் தலைவர் காசிநாதர் சொல்லிவிட்டார். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி அது. துறைமுகத்தில் சுமக்கிறவனின் தோளில் அது தொங்காத நேரம் அவன் குளிக்கிற நேரம் மட்டும்தான். நகரத்து ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். குடாவுக்கு அக்கரையிலிருந்து வந்த கிண்ணியா ஆட்கள் மாட்டவில்லை. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற வெயிலில், சங்கக் கொட்டகைக்கு வெளியே ஒரே பிடியாக நின்றார்கள்.

“ஆணியில தொங்குறது எங்களுக்குத் தெரியுது,” என்றார் றஊப். கிண்ணியா ஆட்களில் மூத்தவர் அவர். அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடுவார்கள். “சாரத்துக்குள்ள செருகி இரிக்கிறது எங்களுக்குத் தெரியுமா?”

காசிநாதர் வாசலுக்கு வந்தார். தன் சாரத்தின் கட்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் விரித்து உதறிவிட்டு மறுபடி கட்டினார். “எல்லாரும் இப்பிடி உதறிப்போட்டு வாங்கோ. உள்ள இருக்கிற ஆக்களும் எழும்பி உதறுங்கோ.”

“தலைவர், உள்ளுக்கு ஒண்டும் போடாதவன் என்ன செய்யிறது?” என்று கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல்.

“சுவர்ப் பக்கம் திரும்பி நிண்டு உதறு. உன்னட்ட என்ன இருக்கெண்டு ஊருக்கே தெரியும்.”

இரண்டு பக்கத்திலும் சிரிப்பு எழும்பப் பார்த்தது. இரண்டு பக்கமும் அதை விழுங்கிக்கொண்டது. ஆனாலும் கிண்ணியா ஆட்கள் உதறினார்கள். கொக்கிகள் ஆணிக்கு வந்தன.

கப்பலில் அலியார் செத்துப்போன பிறகு இரண்டு ஊராரும் ஒரு கூரைக்குக் கீழே வருவது அதுதான் முதல் தடவை. கொட்டகை வாசலில் நின்று பார்த்தால் குடாவில் அந்தக் கப்பல் தெரியும். வயிறு பாதி நிறைந்தபடி, மீதிக்கு ஆளில்லாமல் நின்றது. நாளைக்குக் காலையில் ஆட்கள் ஏறாவிட்டால் கொழும்பிலிருந்து லொறியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவேன் என்று கொம்பனித் துரை சொல்லியிருந்தார். கூட்டத்துக்குப் பொலிசை அனுப்பவா என்றும் கேட்டார். வேண்டாம் என்று காசிநாதர் சொல்லிவிட்டார்.

இங்கிலீசுக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது தளத்தில் வேலை செய்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு கப்பலுக்குக் கப்பல் நாய் மாதிரி அடிபட்டார்கள். நகரத்து ஆட்கள் ஒரு கூலி கேட்டால் கிண்ணியா ஆட்கள் அதற்குக் கீழே கேட்பார்கள். அடுத்த கப்பலில் அது தலைகீழாகும். கொம்பனிக்காரன் நடுவில் நின்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நிற்பாட்டத்தான் காசிநாதர் வீடு வீடாக ஏறி இறங்கிச் சங்கம் கட்டினார். கப்பலின் அடிக்கிடங்கில் இறங்குகிற கூட்டம் ஒன்றே ஒன்று, அதில் இரண்டு ஊராரும் கலந்துதான் இறங்குவார்கள் என்பது சங்கத்தின் முதல் சட்டம். இன்றைக்கு இந்தக் கொட்டகையை விட்டு இரண்டு கூட்டமாக வெளியே போனால், லொறியில் வருகிறவன் திரும்பிப் போகமாட்டான். சங்கம் என்று சொல்ல ஒரு தகரக்கூரைதான் மிஞ்சும்.

நடந்தது இவ்வளவுதான். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிலிங் என்கிற கயிற்று வலையில் கட்டின பெட்டிகளை வின்சு இயந்திரம் தூக்கி, கிடங்கின் வாய்க்கு மேலே நிறுத்தும். கிடங்கின் வாயோரம் கைகாட்டி நிற்பான். கீழேயிருந்து ‘விடு’ என்று சொல் வந்தால், ‘விடவா’ என்று ஒருமுறை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டு, வின்சுக்காரனுக்குக் கையைக் காட்டுவான். மேலே வெயில் எரிகிறபோது கிடங்கு வெறும் கறுப்பாகத்தான் தெரியும்; ஆகவே கைகாட்டிக்குக் கண்ணைவிடக் காதுதான் பெரிது. அன்றைக்குக் கைகாட்டியாக நின்றவன் நகரத்து மூத்ததம்பி. பெட்டிகள் இறங்கின இடத்தில் நின்றவன் கிண்ணியா அலியார்.

மூத்ததம்பி பராக்குப் பார்த்துக்கொண்டு கையைக் காட்டினான், அவனைப் பொலிசில் கொடு, அவனை விலக்காமல் கிடங்கில் கால் வைக்கமாட்டோம் என்றார்கள் கிண்ணியா ஆட்கள். கீழே சொல்லாமல் அவன் காட்டவில்லை, உங்கள் ஆள்தான் போய்ப் பெட்டிக்குக் கீழே நின்றான், மூத்ததம்பியை விலக்கினால் நாங்களும் இறங்கமாட்டோம் என்றார்கள் நகரத்து ஆட்கள்.

வாங்குப் பலகைகளையெல்லாம் காசிநாதர் காலையிலேயே வெளியே எடுத்துப் போட்டிருந்தார். தூக்கி எறியக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. தனக்கென்றும் கதிரை வைத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் சீமெந்துத் தரையில் குந்தினார்கள், நடுவில் ஒரு மாடு போகிற அளவுக்கு இடைவெளி விட்டு, இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர்.

காசிநாதர் கூட்டத்தைத் தொடங்க முன்னமே ஸெய்னுதீன் எழும்பிவிட்டான். அலியாரின் மனைவி ஸல்ஹாவின் கூடப்பிறந்தவன். கிடங்கில் மச்சான்மார் இருவரும் எப்போதும் சோடியாகத்தான் பெட்டி பிடிப்பார்கள். “மையத்துக்கு ஒருத்தன் வந்தீங்களா?” என்றான், அலியாரின் அடக்கத்தைக் குறித்து. “ஒண்டாத் திண்டு ஒண்டாச் சுமந்த ஆக்கள். ஒரே ஒருத்தன் வந்தீங்களா?”

“வந்திருந்தா எங்களையும் சேர்த்தெல்லோ தாட்டிருப்பீங்கள்,” என்றான் கோணாமலை.

கோணாமலை காசிநாதரின் அக்கா மகன். வேலையில் இரண்டு ஆளுக்குச் சமன். வாயில் நாலு ஆளுக்கு. அவன் சொல்லி முடிக்கவில்லை, கிண்ணியாப் பக்கம் முழுவதும் எழும்பிவிட்டது. இந்தப் பக்கமும் எழும்பியது. எவனோ வாசலைப் பார்த்தான், ஆணியில் தொங்குகிற கொக்கிகளைப் பார்த்தான்.

காசிநாதர் சத்தம் போடவில்லை. நடுவில் இருந்த இடைவெளிக்குள் நடந்து போய், அப்படியே தரையில் காலை நீட்டி இருந்துவிட்டார். அவருடைய இடது முழங்கை நீளாது. மூட்டை விழுந்து நொறுங்கின கை. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“அடிபடுங்கோ. ஆனா என்னை மிதிச்சுக்கொண்டுதான் போகவேணும்.”

ஒருவனும் மிதிக்கவில்லை. முதலில் றஊப் குந்தினார். பிறகு ஒவ்வொருவராகக் குந்தினார்கள். காசிநாதர் இடத்தை விட்டு எழும்பவில்லை.

“றஊப் காக்கா, கீழயிருந்து ஒரு சொல் வந்தா கைகாட்டி என்ன செய்யவேணும்?”

“திருப்பிக் கேக்கணும்.”

“ஏன்?”

“பிழையாக் கேட்டிருந்தா ஆள் போயிருவான்.”

சொல்லிவிட்டுத்தான் றஊப்புக்குத் தான் சொன்னது உறைத்தது. 

“இஞ்சயும் அதுதான் சட்டம்,” என்றார் காசிநாதர். “ஒருத்தன் சொன்னதை மற்றப் பக்கத்தான் முதல்ல திருப்பிச் சொல்லவேணும். சொன்னவன் ‘ஓம், அதுதான்’ எண்ட பிறகுதான் இவன் தன்ர கதையைக் கதைக்கலாம். கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. சொன்ன சொல் சொன்ன மாதிரி.”

“இதென்ன மாமா, பாலர் வகுப்பே?” என்றான் கோணாமலை.

“ஓம். நீ போகாம ஒளிச்ச வகுப்பு. உன்னட்ட இருந்துதான் தொடங்கப்போறன். ஸெய்னுதீன் என்ன சொன்னவர்?”

கோணாமலை கழுத்தைச் சொறிந்தான். “அவங்கட ஆள் செத்ததுக்கு நாங்கள் போகேல்லயாம்.”

“நான் அப்பிடிச் செல்லல்ல,” என்றான் ஸெய்னுதீன். “‘போகல்லயாம்’ எண்டு என்னத்துக்கு இழுக்கிறாய்? போனீங்களா? போகல்ல. மறுகா என்னத்துக்கு ‘ஆம்’? ஒண்டாத் திண்டு ஒண்டாச் சுமந்த ஆக்கள் எண்டும் சென்னன். அத எங்க போட்ட?”

“முழுக்கச் சொல்லு,” என்றார் காசிநாதர்.

“ஒண்டாத் திண்டு ஒண்டாச் சுமந்த ஆக்கள்.” கோணாமலையின் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. வேறு யாருடைய உடுப்பையோ போட்டுக்கொண்டவன் மாதிரி நெளிந்தான். “மையத்துக்கு ஒருத்தரும் போகேல்ல.”

“ஓம். அதுதான்,” என்றான் ஸெய்னுதீன்.

“இப்ப உன்ர கதையைச் சொல்லு,” என்றார் காசிநாதர், கோணாமலையிடம்.

“பாதையடி மட்டும் வந்தனாங்கள்.” குடாவுக்கு அந்தப் பக்கம் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகிற மிதவைக்குத்தான் அங்கே பாதை என்று பெயர். “நான், மூத்ததம்பி, இன்னும் ஆக்கள். அக்கரையில பொல்லோட நிக்கிறாங்கள் எண்டு பாதைக்காரன் சொன்னான். திரும்பிட்டம்.”

றஊப் திருப்பிச் சொன்னார். “பாதையடி மட்டும் வந்த. பொல்லோட நிக்கிற எண்டு பாதைக்காரன் செல்லித் திரும்பின.” கொஞ்சம் நிறுத்தி, தாடியைத் தடவிக்கொண்டு, “நிண்டதும் உண்மைதான். வாலிபப் பொடியனுகள். நான்தான் ஏசி வீட்ட அனுப்பின,” என்றார்.

இது சட்டத்துக்கு மேலதிகமாக வந்த சொல். காசிநாதர் அதைத் தடுக்கவில்லை.

பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு கேட்டது.  எழும்பிப் போகிறவர்கள் அப்படியே பாதையடிக்குப் போய்விட்டால் யாரும் கேட்க முடியாது. ஆனாலும் காசிநாதர் கூட்டத்தை நிறுத்தினார். கிண்ணியா ஆட்கள் வெளியே போய், பீப்பாத் தண்ணீரில் கைகால் கழுவி, கொட்டகைக்குப் பின்னால் தொழுதார்கள். நகரத்து ஆட்கள் உள்ளே பீடி பற்றவைத்தார்கள். போகும்போதும் வரும்போதும் கிண்ணியா ஆட்கள் கொக்கிகளைத் தாண்டித்தான் போகவேண்டும். காசிநாதர் வாசல் நிலையில் சாய்ந்து, கப்பலைப் பார்க்கிற மாதிரி நின்றார். அவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்து, முந்தி இருந்த இடத்திலேயே குந்தினார்கள்.

“இனி மூத்ததம்பி சொல்லட்டும்.”

மூத்ததம்பி கடைசியில், தூணுக்குப் பின்னால் இருந்தான். சவரம் செய்யாத முகம். காலை மடக்கிக்கொண்டு முன்னுக்கு நகர்ந்து வந்தான்.

“நான் திருப்பிச் செல்லுறன்,” என்றார் றஊப், அவசரமாக.

“இல்லைக் காக்கா. குற்றம் சொல்லுறவர் ஸெய்னுதீன். அவர் திருப்பிச் சொல்லுறதுதான் முறை.”

“வயசுக்கு மூத்தவன் நான். நான் செல்லுறனே.”

“ஸெய்னுதீன் சொல்லட்டும்,” என்றார் காசிநாதர். அந்த அவசரம் எதற்கு என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் றஊப்புக்கே விட்டிருப்பார்.

மூத்ததம்பி தரையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினான். “சிலிங் மேல நிண்டது. நான் குனிஞ்சு கேட்டுக்கொண்டு நிண்டனான். கீழயிருந்து ‘விடு’ எண்டு கேட்டது.”

“சிலிங் மேல நிண்டிச்சி,” என்றான் ஸெய்னுதீன். “நீங்க குனிஞ்சு கேட்டுக்கிட்டு நிண்ட. கீழேரிந்து ‘விடு’ எண்டு கேட்ட எண்டு செல்றீங்க.”

“‘எண்டு செல்றீங்க’ வேண்டாம்,” என்றார் காசிநாதர்.

ஸெய்னுதீன் பல்லைக் கடித்தான். “‘விடு’ எண்டு கேட்டிச்சி.”

“ஓம். நான் ‘விடவா’ எண்டு கேட்டன்.”

“நீங்க ‘விடவா’ எண்டு கேட்ட.”

“கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கீழயிருந்து...” மூத்ததம்பி காசிநாதரைப் பார்த்தான். “சொன்ன மாதிரியே சொல்லவேணுமே அண்ணை?”

“சொன்ன மாதிரியே.”

“‘விடடா எண்டுறன்’ எண்டு கேட்டது. எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. நான் கைகாட்டி நிண்ட காலத்தில என்னை ஒருத்தரும் ‘டா’ போட்டதில்லை. எங்கட ஆக்கள் ‘விடு மூத்தம்பி’ எண்ணுவினம். கிண்ணியா ஆக்கள் ‘விடுங்க அண்ணன்’ எண்டுதான் சொல்லுவினம். சரி, வெக்கையில ஆரோ கோவத்தில சொல்லுறான் எண்டு நினைச்சன். கையைக் காட்டினன்.”

எல்லாரும் ஸெய்னுதீனைப் பார்த்தார்கள்.

“கீழேரிந்து,” என்றான் ஸெய்னுதீன். “கீழேரிந்து ‘விடடா...’”

வாய் திறந்தபடி நின்றது. 

காசிநாதருக்குப் பிடிபட்டது. கிண்ணியாக்காரன் வயதுக்கு மூத்தவனை, அதுவும் வேற்றூரானை, என்ன கோபம் வந்தாலும் ‘டா’ போடமாட்டான். அது கூடப் படுத்தெழும்பிய கூட்டாளிக்கும் மச்சானுக்கும் உரிய உரிமை. அந்தச் சொல் மேலே நின்ற மூத்ததம்பிக்குச் சொன்னதே இல்லை. பக்கத்தில் நின்ற யாருக்கோ சொன்னது. அவர் றஊப்பைத் திரும்பிப் பார்த்தார். றஊப் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

“என்ன நிப்பாட்டிட்டீங்கள்?” என்றான் கோணாமலை. அவனுக்கும் பிடிபட்டுவிட்டது. “திருப்பிச் சொல்லுங்கோவன். ஆர் ‘டா’ போட்டது? ஆருக்குப் போட்டது?”

காசிநாதர் ஒரு சொல்லில் அதை வெட்டியிருக்கலாம். வெட்டினால் மூத்ததம்பி சாகும்வரை கொலைகாரன். வெட்டாவிட்டால், அங்கே, புருசன் செத்த துக்ககாலமான இத்தாவில் வெள்ளைச் சீலையோடு அறைக்குள் இருக்கிற ஸல்ஹாவுக்கு, கஞ்சி ஊற்ற இருக்கிற ஒரே ஒரு ஆண்பிள்ளையை அவளே வாசலில் ஏற்றாத நிலை வரும். எந்தப் பக்கம் கையைக் காட்டுவதென்று தெரியாமல் அவர் இருந்தார்.

ஸெய்னுதீன் எழும்பினான். மூத்ததம்பியை நோக்கி இரண்டு எட்டு வைத்தான்.

“நான்தான் செல்லின,” என்றான். “உனக்கா செல்லின? முந்தி வந்த சிலிங் கயிறு பெட்டிக்கு அடியில மாட்டிக்கிட்டு. அவன் அதப் புடிச்சு இழுத்துக்கிட்டு நிண்டான். விடு எண்டன். கேக்கல்ல. எருமை மாதிரி இழுத்தான். விடடா எண்டுறன் எண்டன். எங்கட மச்சானுக்கு நான் செல்லின. உன்னை ஆர் கேக்கச் செல்லின? எங்கட கதைக்குள்ள உன்ட காது என்னத்துக்கு வந்திச்சி?”

மூத்ததம்பி எழும்பவில்லை. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு, “கேக்கிறதுதானே என்ர வேலை,” என்றான், மெல்ல.

ஸெய்னுதீனின் கை உயர்ந்தது. எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை. தன் தலையிலேயே வந்து இறங்கியது. அவன் நின்ற இடத்தில் குந்தினான்.

நகரத்துப் பக்கத்தில் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகு கோணாமலையின் குரல் வந்தது. “அப்ப மச்சானை மச்சானே...”

“வெளிய போ,” என்றார் காசிநாதர்.

“நானோ?”

“நீதான். அந்தக் கதையை முடிக்காம எழும்பி வெளிய போ.”

“ஒரு கிழமையா எங்களைக் கொலைகாரர் எண்டாங்கள் மாமா. மூத்ததம்பியின்ர பிள்ளையள் பள்ளிக்கூடம் போகேல்ல. அப்ப நீங்கள் ஒருத்தரையும் வெளிய போகச் சொல்லேல்ல.”

அது முழு உண்மை.  “ஓம். சொல்லேல்ல,” என்றார் காசிநாதர். “இப்ப சொல்லுறன். போ. கொக்கி ஆணியிலயே கிடக்கட்டும்.”

கோணாமலை எழும்பினான். அவனோடு இன்னும் சிலர் எழும்பினார்கள். வாசலில் நின்று, “இனி அம்மாவைப் பாக்கவெண்டு எங்கட படலையைத் திறக்காதீங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனான். கொக்கிகளை எடுக்கவில்லை.

கிண்ணியாப் பக்கத்தில் ஒருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இது கோபத்தைவிட ஆபத்து என்று காசிநாதருக்குத் தெரியும். கோபத்தில் உள்ளவன் சண்டைக்காவது நிற்பான். வெட்கப்பட்டவன் எழும்பிப் போய்விடுவான், பிறகு வரவே மாட்டான்.

“இந்தக் கதை பாதை தாண்டக்கூடாது,” என்றார்.

“தாண்டும்,” என்றார் றஊப். “இத்தன வாய்க்குப் பூட்டுப் போட ஏலா காசியண்ணன். அது எங்கட பாடு, நாங்க பாத்துக்கிறம். நீங்க வேலைக் கதையைக் கதைங்க.”

“சரி. வேலைக் கதை. ‘விடு’ எண்டா மேல நிக்கிறவனுக்கு ஒண்டு, பக்கத்தில நிக்கிறவனுக்கு ஒண்டு. இவ்வளவு காலமும் அந்தச் சொல்லை வைச்சுத் தலைக்கு மேல பெட்டியைத் தொங்கப்போட்டு வேலை செய்தம். ஸெய்னுதீன் எண்டில்லை, இதில ஆரும் ஆருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம். ஒருத்தருக்கும் உறைக்கேல்ல. தலைவர் எண்டு திரிஞ்ச எனக்கும் உறைக்கேல்ல. இனிக் கப்பலுக்குள்ள அந்தச் சொல் வேண்டாம். இறக்கு எண்டு சொல்லுங்கோ.”

“இறக்கு எண்டா கள்ளும்தானே இறக்குறது,” என்று நகரத்துப் பக்கம் ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார்.

“கிடங்குக்குள்ள பனையேறினா அதுக்கு வேற கூட்டம் வைப்பம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ஒருவரும் எழும்பிப் போகவும் இல்லை.

“இறக்கு,” என்றார் றஊப், வாயில் வைத்துப் பார்க்கிற மாதிரி. “சரி. கைகாட்டி ஆர்?”

“மூத்ததம்பிதான், வேற ஆர்?” என்றார்கள் நகரத்து ஆட்கள். “அவனில பிழை இல்லையெண்டு ஆயிட்டுதே.”

“நான் நிக்கமாட்டன்,” என்றான் மூத்ததம்பி.

“டேய், நீ சுத்தம் எண்டு இப்பதானே...”

“சுத்தம்தான். கையைக் காட்டினது இந்தக் கைதானே. நான் பெட்டி சுமக்கிறன். மேல என்னை நிக்கவிடாதேங்கோ.”

அந்த இடத்தில் கூட்டம் மறுபடி பிளந்தது. நகரத்து ஆட்கள் தங்களில் வேறொருவனைச் சொன்னார்கள். கிண்ணியா ஆட்கள் தலையை ஆட்டினார்கள். கிண்ணியாவில் ஒருவனைச் சொன்னார்கள். நகரத்து ஆட்கள், “எங்கட தலைக்கு மேலயும் பெட்டி தொங்கும்,” என்றார்கள். வெயில் வாசல் வழியாக உள்ளே நீண்டு வந்துவிட்டது. கடைசிப் பாதைக்கு நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். காசிநாதர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம் முகம் சுளித்தது. கப்பல் அங்கே நின்றது.

“தலைவர் நிக்கட்டும்,” என்றார் றஊப்.

“நான் சுமந்த ஆள் காக்கா. கைகாட்டி நிண்டதில்லை.”

“இண்டைக்கு முழுக்க அதுதானே செய்த.”

நகரத்துப் பக்கமும் தலையாட்டியது. அதில் அன்பு ஒன்றும் இல்லை என்பது காசிநாதருக்கு விளங்கியது. இரண்டு பக்கத்துக்கும் அவரில் ஒரே அளவு அவநம்பிக்கை; ஆகவே இரண்டு பக்கத்துக்கும் அவர் சரி. ஒரு சொல் பிழைத்தால் அடுத்த மூத்ததம்பி அவர்தான். அப்போது நடுவில் வந்து இருக்க வேறு ஆள் கிடையாது.

“ஓம்,” என்றார். “நிக்கிறன்.”

மறுநாள் காலையில் ஆட்கள் எல்லாரும் ஒரே படகில்தான் கப்பலுக்குப் போனார்கள். ஒரு பக்கம் ஒரு ஊர், மறுபக்கம் ஒரு ஊர். ஸெய்னுதீன் வந்திருந்தான். இரண்டு வீட்டு அடுப்பு எரியவேண்டியவன் எப்படி வராமல் இருப்பான். அவன் ஸல்ஹாவிடம் சொன்னானா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. கோணாமலையும் வந்திருந்தான், மாமனின் முகத்தைப் பார்க்காமல் கடலில் துப்பினான். கிடங்கு ஏணியில் இரண்டு ஊராரும் கலந்துதான் இறங்கினார்கள். மூத்ததம்பி இறங்கினான். ஸெய்னுதீன் இறங்கினான். கோணாமலை கடைசியாக இறங்கினான். கறுப்பு அவர்களை விழுங்கியது.

காசிநாதர் கிடங்கின் வாயோரம் நின்றார். வெயில் பின்கழுத்தைச் சுட்டது. முதல் சிலிங் படகிலிருந்து எழும்பி, ஆடி, அவர் தலைக்கு மேலே வந்து நின்றது. கயிறு முறுகுகிற சத்தம் கேட்டது. அவர் குனிந்தார். ஒன்றும் தெரியவில்லை. தேயிலை மணமும் வியர்வை மணமும் மட்டும் மேலே வந்தன.

“இறக்கு,” என்று கீழேயிருந்து கேட்டது.

“இறக்கவா?”

பதில் இல்லை. கீழே யாரோ இருமினார்கள். யாரோ எதையோ இழுக்கிற சத்தம். அவருடைய வலது கை தானாகவே பாதி உயர்ந்தது. அதை அவர் இறக்கிக்கொண்டார்.

“என்ன தலைவர், பெட்டி தொங்குது,” என்றான் வின்சுக்காரன் பின்னாலிருந்து.

“தொங்கட்டும்.” அவர் இன்னும் குனிந்தார். “கீழ ஆர் சொன்னது? இறக்கவா?”

“இறக்குங்க.”

யாருடைய குரல் என்று அவருக்குப் பிடிபடவில்லை. கிடங்கு எல்லாக் குரலையும் ஒரே குரலாக்கிவிடுகிறது. மூன்றாம் தரமும் கேட்டார்.

“இறக்குங்க எண்டுறன், தலைவர். ஒருத்தரும் கீழ இல்லை. எல்லாரும் ஓரத்தில நிக்கிறம்.”

அவர் கையைக் காட்டினார். சிலிங் மெல்ல, மெல்லக் கறுப்புக்குள் போனது. கயிறு தளர்ந்து, கீழே பெட்டியை அவிழ்க்கிற ஆட்களின் சாதாரணப் பேச்சு கேட்கிற மட்டும் அவர் அந்தக் கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிமிர்ந்து முகத்தைத் துடைத்தபோது, அடுத்த சிலிங் படகிலிருந்து ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்தது.